தலைதட்டி

மருதானைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஏலக்கடை.
பொருளொன்றுக்கு எனக்கு எழுபத்தைந்து ரூபாய்.
பெயர், மரம், வயது, பயன்:
நாலு கட்டமும் நிரம்ப வேண்டும்.
வெறும் கட்டத்துக்குச் சல்லி இல்லை என்பார் முபீஸ் ஹாஜியார்,
சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

முதலில் மோந்து பார்ப்பேன்.
எத்தனை தரம் கழுவினாலும் தயிர்மத்து
பல்லிடுக்கில் ஒரு புளிப்பை ஒளித்து வைத்திருக்கும்.
தண்டில் கயிறு அரைத்த தடம் இருந்தால் மோர்.
தடமில்லாமல் தலை மட்டும் தேய்ந்திருந்தால் பருப்பு.
புதுசைப் பழசாக்கி விற்கிறவர்கள்
தேயிலைச் சாயம் பூசுவார்கள்;
ஈரப் பஞ்சால் துடைத்தால் பிளேன்டீ இறங்கும்.
அகப்பையின் இடது உதடு கரைந்திருந்தால்
கிண்டியது வலக்கை.
ஒருமுறை வலது உதடு கரைந்த ஒன்று வந்தது.
அந்த இடக்கை ஆளை
நூறாம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தை வரைக்கும்
யாரென்று தெரியாமல் நினைத்துக்கொண்டு போனேன்.

பங்குனியில் பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு பெட்டி,
வான் ரூயன் வீட்டுச் சாமான்.
அடியில் கிடந்தது இது:
முழங்கை நீளப் பலகை, பலா,
பிடியில் செதுக்கிய ஒற்றை மாங்காய்.
ஒரு விளிம்பு நூல் பிடித்த நேர்.
மற்றது மெல்ல வயிறு வைத்திருந்தது.
மோந்தேன். ஒன்றுமில்லை.
மணி ஐந்தே முக்கால், வெளியே மழை,
அன்றைக்குக் கடைசிக் கட்டம்.
எழுதினேன்:
'வெண்ணெய்த் துடுப்பு. நுவரெலியாப் பால்பண்ணை.
ஏறத்தாழ நூறு வருடம்.'
கடற்கரை ஹோட்டல் ஒன்று கை தூக்கியது.
நாற்பத்திரண்டாயிரம்.

ஆடியில் நாலாம் குறுக்குத்தெரு,
மூடிய அரிசிக்கடையொன்றின் மேல்மாடிச் சாமான் வந்தது.
சாக்கு ஊசி, தராசுத் தட்டு, ஒரு மரக் கொத்து.
கொத்தோடு சணலில் கட்டி
அதே பலகை. அதே மாங்காய்.

பெட்டி இறக்க வந்த செபமாலை
என் கையிலிருந்து அதை வாங்கினார்.
நெருப்பு வாளி மணலை அள்ளிக் கொத்தில் கொட்டினார்,
கோபுரமாக.
நேர் விளிம்பால் ஒரு இழுப்பு:
மணல் குளத்துத் தண்ணீர் போலப் படுத்தது.
மறுபடி கொட்டினார். வயிற்று விளிம்பால் இழுத்தார்:
நடுவில் ஒரு குழி,
பூனை படுத்தெழும்பினது மாதிரி.
'தெரிஞ்ச ஆக்களுக்கு இந்தப் பக்கம்,
தெரியாத ஆக்களுக்கு அந்தப் பக்கம்'
என்று சொல்லி, மணலை வாளிக்குத் திருப்பிக் கொட்டி,
கையைச் சாரத்தில் துடைத்தார்.
எந்தக் கடையில் பார்த்தாரோ. நான் கேட்கவில்லை.
அந்தக் குழிக்குள் எத்தனை அரிசி நிற்கும் என்று
விரலை விட்டுப் பார்க்க நினைத்தேன்,
அதற்குள் வாளி போய்விட்டது.

இரண்டாவதுக்கு உள்ளதை எழுதினேன்:
'தலைதட்டி. அரிசி அளக்க. இரண்டு விளிம்பு, இரண்டு அளவு.'
ஏலத்தில் ஒரு கையும் எழும்பவில்லை.
பிறகு கொட்டாஞ்சேனைப் பலசரக்குக்காரர் ஒருவர்
துண்டை வாசிக்காமல் எடுத்து,
பெருவிரலால் இரு பக்கமும் தடவி,
தொள்ளாயிரத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

முதலாவதுக்காக ஹோட்டலுக்குப் போனேன்.
லிஃப்டுக்கு எதிரே, விளக்குக்குக் கீழே மாட்டியிருந்தது.
பித்தளைத் தகட்டில் என்னுடைய வசனம்,
ஆனால் வளர்ந்திருந்தது:
துரை வந்திருந்தார், காலைச் சாப்பாடு வந்திருந்தது,
பனி மூடிய ஒரு மாட்டுக்கொட்டில்கூட.
பொறுப்பாளர் திலினி எல்லாம் கேட்டார்,
மணல், செபமாலை, குழி.
'வெண்ணெய் என்றே இருக்கட்டும், மிஸ்.
வாற ஆக்கள் கிட்டப் போய் மணந்து பார்க்கிறார்கள்.
மணக்குது என்கிறார்கள்.'

அவர் தொலைபேசிக்குத் திரும்பினார்.
யாரும் பார்க்கவில்லை என்று கண்டு
நானும் குனிந்தேன்.
மெல்லிய, பழைய, உப்புப் போட்ட ஒன்று.
சத்தியமாக.